சத் நாம் சொல்லி யோகா செய்தால் அது சீக்கியப் பிரார்த்தனையா?

கேள்வி, 3 நவம்பர் 2023

குண்டலினி யோகா வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. ‘ஓங் நமோ குரு தேவ் நமோ’ என்று தொடங்கி, நீளமாக ஒரு ‘சத் நாம்’ சொல்லி முடிக்கிறார்கள். ஆசிரியை வெள்ளைத் தலைப்பாகை கட்டியிருக்கிறார். இது சீக்கியர்களின் பழைய தியான முறை என்கிறார். என் அலுவலகத்துச் சீக்கிய நண்பரோ, ‘எங்கள் வீட்டில் யாரும் யோகா செய்வதில்லையே’ என்கிறார். யார் சொல்வது சரி?

4 நவம்பர் 2023

இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி. நானும் இதே குழப்பத்தில் ஒன்றரை வருடம் ஓட்டியவள், அதனால் எழுதுகிறேன்.

நான் டெல்லியில் 14 வருடமாக இருக்கிறேன். கணக்கு எழுதும் வேலை, நாள் முழுக்க நாற்காலி, இடுப்பு போய்விட்டது. பிசியோதெரபி பார்த்தவர் யோகா செய்யச் சொன்னார். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரே வகுப்பு குண்டலினி யோகா வகுப்பு. ஆன்மிகத் தேடல் எல்லாம் கிடையாது, நடந்து போகிற தூரம் என்று சேர்ந்தேன்.

நீங்கள் சொல்லும் முறையை உலகத்துக்குக் கொண்டுபோனவர் யோகி பஜன். இயற்பெயர் ஹர்பஜன் சிங் புரி, 1929இல் இன்றைய பாகிஸ்தான் பகுதியில் பிறந்தவர். டெல்லி விமான நிலையத்தில் சுங்க அதிகாரியாக வேலை பார்த்தார். 1968இல் கனடா போய், அங்கிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். மறுவருடமே ‘த்ரீ எச் ஓ’ (3HO) என்ற யோகா அமைப்பைத் தொடங்கினார். ஹிப்பிக் காலம். போதைப் பொருளை விட நினைத்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். பலர் முறையாகச் சீக்கிய மதத்துக்கே மாறினார்கள். வெள்ளை உடை, வெள்ளைத் தலைப்பாகை, விடியற்காலைப் பயிற்சி எல்லாம் அங்கிருந்து வந்தவை. சுருக்கமாகச் சொன்னால் டெல்லியில் கிளம்பி அமெரிக்கா சுற்றி மறுபடி டெல்லிக்கு வந்ததைத்தான் நான் பணம் கட்டிக் கற்றுக்கொண்டேன்.

ஆகவே பயிற்சி ஒரு கலவை. உடம்பை அசைக்கும் கிரியைகளும் மூச்சும் யோகாவிலிருந்து. மந்திரங்கள் சீக்கிய வேதத்திலிருந்து. ‘சா தா நா மா’ என்று விரல் தொட்டுச் சொல்வதுகூட அந்த வேதமான குரு கிரந்த் சாகிபில் இருப்பதுதான்.

5 நவம்பர் 2023

‘சா தா நா மா’ எப்படிச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ‘சா’ சொல்லும்போது கட்டை விரலால் ஆள்காட்டி விரலைத் தொட வேண்டும். ‘தா’வுக்கு நடுவிரல், ‘நா’வுக்கு மோதிர விரல், ‘மா’வுக்குச் சுண்டுவிரல். முதலில் வாய்விட்டு, அப்புறம் கிசுகிசுப்பாக, அப்புறம் மனதுக்குள், பிறகு அதே படிகளில் திரும்பி வர வேண்டும். 11 நிமிடம் அல்லது 31 நிமிடம். ஒரு மாதத்தில் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். மெட்ரோவில் நின்றுகொண்டிருப்பேன், கை தானாக எண்ணிக்கொண்டிருக்கும். எதிரில் இருப்பவர் நான் வட்டிக் கணக்குப் போடுகிறேன் என்று நினைத்திருப்பார்.

முதல் வாரம் வீட்டில் கண்ணை மூடிச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து கேட்டார்: “சாதா நாமாதானா? ஸ்பெஷல் நாமா கிடையாதா?” அன்றைய தியானம் அதோடு முடிந்தது. இன்றுவரை ‘சா தா’ வந்தால் எனக்குத் தோசைக்கல் ஞாபகம் வருகிறது.

9 நவம்பர் 2023

திருத்தம். நான்காம் தேதி நான் கடைசியாக எழுதிய வரி தப்பு.

எங்கள் மாடிவீட்டில் ஒரு பஞ்சாபி ஆன்ட்டி இருக்கிறார். எழுபது வயதுக்கு மேல். குரு கிரந்த் சாகிபை முழுக்கப் பலமுறை படித்தவர். அவரிடம் கேட்டேன். “சா தா நா மா? எந்தப் பக்கத்தில்?” என்றார். 1430 பக்கம். அவரைப் போலப் படித்தவரிடம் ‘எங்கேயோ இருக்கும்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

‘சத் நாம்’ இருக்கிறது, தொடக்க வரியிலேயே இருக்கிறது. அதை நாலு அசையாக உடைத்து விரலோடு சேர்த்தது யோகி பஜன் கற்பித்த முறை. ‘ஓங் நமோ குரு தேவ் நமோ’வும் அதே வடிவில் ஒரு வரியாக அங்கே இல்லை. ஆனால் வகுப்பில் பாதுகாப்புக்காக என்று சொல்லவைக்கும் ‘ஆத் குரே நமே, ஜுகாத் குரே நமே’ உண்மையாகவே இருக்கிறது. ஐந்தாம் குருவான குரு அர்ஜன் எழுதிய சுக்மனி சாகிபின் தொடக்கத்தில் வருவது அது. உச்சரிப்பும் மாறும். வகுப்பில் ‘ஏக் ஓங் கார்’ என்று மூன்றாக வெட்டுகிறார்கள். ஆன்ட்டி சொல்வது ‘இக் ஓங்கார்’.

இன்னொரு மானக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் சேர்ந்த புதிதில் மாடிப்படியில் ஆன்ட்டியின் கணவரைப் பார்த்து, கை கூப்பி, கண்ணை லேசாக மூடி “சத் நாம்” என்றேன். எங்கள் வகுப்பில் அதுதான் வணக்கம். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, “சத் ஸ்ரீ அகால், பேட்டா. யோகா கிளாஸா?” என்றார். உண்மையான சீக்கியர்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் வணக்கம் எது என்றுகூடக் கேட்டுக்கொள்ளாமல் அவர்கள் மந்திரத்தை நான் தினமும் அரைமணி நேரம் ஜபித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

14 நவம்பர் 2023

தீபாவளி முடிந்து இரண்டாம் நாள். டெல்லிக் காற்றில் அக்னி பிராணாயாமம் செய்வது பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா? வேகவேகமாக மூக்கால் இழுத்து விட வேண்டும். நேற்று 3 நிமிடம் செய்தேன். எனக்குள் எழும்பியது குண்டலினி இல்லை, இருமல். ஜன்னலை மூடிவிட்டு இந்த மாதம் வெறும் ஜபம் மட்டும்.

28 நவம்பர் 2023

நேற்று குருநானக் பிறந்தநாள். ஆன்ட்டி வீட்டில் பிரசாதம் கொடுத்து, கூடவே எனக்கு ஒரு சின்னப் புத்தகமும் கொடுத்தார். ஜப்ஜி சாகிப், தேவநாகரி எழுத்தில். ‘யோகாவோடு சேர்த்துச் சொல்வதென்றால் முதலில் எதைச் சொல்கிறாய் என்று படி’ என்றார். திட்டவில்லை, ஆனால் திட்டின மாதிரிதான் இருந்தது.

ஜப்ஜி குருநானக் இயற்றியது. குரு கிரந்த் சாகிபே அதில்தான் தொடங்குகிறது. 38 பவுடி, அதாவது 38 படிக்கட்டு, ஒவ்வொன்றும் ஒரு செய்யுள். முன்னால் ‘இக் ஓங்கார், சத் நாம்’ என்று தொடங்கும் மூல மந்திரமும் சலோக் என்ற சின்னச் செய்யுள் ஒன்றும், கடைசியில் இன்னொரு சலோக். நித்நேம் என்று சொல்லும் அன்றாடப் பிரார்த்தனைகளில் இது காலையில் முதலாவது. சாயங்காலம் ரெஹ்ராஸ், தூங்குமுன் கீர்த்தன் சோகிலா. நித்நேம் வேறொன்றும் இல்லை, நம் ‘நித்திய நியமம்’தான். விடியுமுன் நேரத்துக்குச் சொல்லும் அமிர்த வேலா என்றால் அமிர்த வேளை. பாதி வார்த்தை நமக்குத் தெரிந்ததுதான், தலைப்பாகை கட்டிக்கொண்டு வருவதால் அடையாளம் தெரிவதில்லை.

அந்தத் தெம்பில் ஆன்ட்டி முன்னால் உட்கார்ந்து மூல மந்திரத்தைச் சத்தமாகப் படித்தேன். எழுத்தில் இருந்தபடியே: “சதி நாமு.” ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டார். சொல்லின் கடைசியில் வரும் குறில் இ, உ பழைய இலக்கணக் குறிகள், பெரும்பாலும் உச்சரிக்கக் கூடாதாம். சொல்ல வேண்டியது ‘சத் நாம்’. தமிழில் ‘சதி’ என்றால் என்ன என்று நான் விளக்கியபோது அவர் சிரித்த சிரிப்பில் அங்கிள் உள்ளேயிருந்து எழுந்து வந்துவிட்டார்.

மூல மந்திரத்தின் பொருள் எனக்குப் புரிந்த அளவில்: ஒரே ஓங்காரம், மெய் என்னும் நாமம், படைத்தவன், அச்சம் இல்லாதவன், பகை இல்லாதவன், காலத்துக்கு அப்பாற்பட்ட வடிவம், யோனி வழி வராதவன், தானே ஆனவன், குருவின் அருளால் கிடைப்பவன். நிர்பௌ, நிர்வைர் என்று அடுத்தடுத்து வருவது எனக்குப் பிடித்திருக்கிறது. அச்சமில்லை என்று பாடப் பள்ளியிலேயே கற்றுக்கொடுத்துவிட்டார்கள். பகையில்லை என்பதுதான் எனக்குக் கஷ்டம். வாகன நிறுத்தத்தில் தினமும் என் வண்டியை மறித்து நிறுத்தும் மனிதரை நினைத்துக்கொண்டு ‘நிர்வைர்’ சொல்லிப் பார்க்கிறேன்.

3 டிசம்பர் 2023

முதல் பவுடியில் மாட்டிக்கொண்டு ஒரு வாரமாகிறது.

வகுப்பில் எங்களுக்கு இலக்கு ஒன்றுதான்: மனம் அடங்க வேண்டும். 40 நாள் விடாமல் செய்ய வேண்டும், ஒரு நாள் விட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. நான் 33ஆம் நாள் சென்னை ரயிலில் மாட்டி விட்டுவிட்டேன். மேல் பெர்த்தில் உட்கார்ந்து முயற்சி செய்தேன், நிமிர்ந்தால் தலை இடிக்கிறது. திரும்பி வந்து ஒன்றிலிருந்து எண்ணியபோது அழுகை வந்தது. இப்போது யோசித்தால் அது தியானமா, ஓவர்டைம் கணக்கா என்று தெரியவில்லை.

ஜப்ஜியின் முதல் பவுடி சொல்கிறது: ‘சுப்பே சுப் ந ஹோவயீ, ஜே லாய் ரஹா லிவ் தார்.’ மௌனமாக இருப்பதால் மௌனம் வந்துவிடாது, இடைவிடாமல் லயித்துக் கிடந்தாலும் வராது. அதற்கு முந்தைய வரி, லட்சம் முறை ‘சோச்’ செய்தாலும் பலனில்லை என்கிறது. அந்தச் சொல்லுக்குச் சிந்தனை என்று சிலரும், குளித்துச் சுத்தமாவது என்று சிலரும் பொருள் சொல்கிறார்கள். எப்படியானாலும் அடி எனக்குத்தான். சும்மா இருப்பதே சுகம் என்று கேட்டு வளர்ந்த தமிழச்சி நான். தியானத்துக்கு என்று இரவல் வாங்கிய பிரார்த்தனை, தொடங்கிய உடனேயே ‘இந்த வழியில் கிடைக்காது’ என்கிறது.

பிறகு எப்படித்தான்? அதே பவுடியின் கடைசி வரி: அவன் ஹுகத்தின்படி, எழுதப்பட்டிருக்கிறபடி நட. ஹுகம் என்றால் ஆணை. நிமிடக் கணக்கோ விரல் கணக்கோ எதுவும் இல்லை. வெறுமனே ‘நட’. எனக்கு எரிச்சலாக இருந்தது. செய்முறை எங்கே?

4 டிசம்பர் 2023

‘அப்படியானால் சீக்கிய மதம் யோகாவை எதிர்க்கிறதா’ என்று மேலே கேட்டவருக்கு.

குருநானக் காலத்தில் பஞ்சாப் முழுக்க நாத யோகிகள் இருந்தார்கள். காது மடலைக் கிழித்துப் பெரிய குழை போட்டு, சாம்பல் பூசி, ஒட்டுப்போட்ட போர்வையும் தடியுமாகத் திரிந்தவர்கள். அவர்களோடு குருநானக் வாதம் செய்ததே ‘சித்த கோஷ்டி’ என்று ராமகலி ராகத்தில் 73 பவுடியாக இருக்கிறது. சூஹி ராகத்தில் இன்னும் நேரடியாக ஒன்று: யோகம் போர்வையில் இல்லை, தடியில் இல்லை, சாம்பல் பூசுவதில் இல்லை. அழுக்கின் நடுவே அழுக்கு ஒட்டாமல் இருந்தால் அதுதான் யோகத்தின் வழி. சித்தர் பாட்டுக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் குரல் புதிதில்லை.

ஆனால் அவர் யோகியின் சாமான்களைத் தூக்கி எறியவில்லை, பெயர் மாற்றுகிறார். ஜப்ஜியின் 28ஆம் பவுடியில் திருப்தியைக் காதுக் குழையாகப் போடு, தியானத்தைத் திருநீறாகப் பூசு என்கிறார். ‘சரம்’ உனக்குத் திருவோடும் பையும் ஆகட்டும் என்கிறார். இந்தச் சரம் என்பதற்கும் நாணம், உழைப்பு என்று இரண்டு பொருள் சொல்கிறார்கள். அடுத்தடுத்து நாலு பவுடிகள் ‘ஆதேஸ் திசை ஆதேஸ்’ என்று முடியும். ஆதேஸ் என்பது நாத யோகிகள் தங்களுக்குள் சொல்லும் வணக்கம். அவர்கள் வணக்கத்தையே எடுத்து ‘அவனுக்கே ஆதேஸ்’ என்று திருப்பிவிட்டார். மாடிப்படியில் நான் அங்கிளிடம் சொன்ன ‘சத் நாம்’ ஞாபகம் வந்தது. யாருடைய வணக்கத்தை யார் எடுத்தார்கள் என்று கணக்குப் போட்டால் எங்கே நிற்கும்?

குருநானக்கின் மூத்த மகன் ஸ்ரீசந்தே துறவு வழியில் போனவர்தான், உதாசி மரபு அவரிடமிருந்து வந்தது. ஆனாலும் நானக் தன் இடத்தை மகனுக்குக் கொடுக்காமல், குடும்பஸ்தரான லெஹ்னாவுக்குக் கொடுத்தார். அவர்தான் இரண்டாம் குரு அங்கத்.

19 டிசம்பர் 2023

இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும், தள்ளிப்போட்டேன்.

யோகி பஜன் 2004இல் இறந்தார். 2020இல் அவருடைய முன்னாள் செயலாளர் ஒருவர் நினைவுக்குறிப்பு எழுதினார். அதைத் தொடர்ந்து நிறைய பெண்கள் பேசினார்கள். அவர் தொடங்கிய அமைப்புகளின் சார்பிலேயே வெளியாட்களை வைத்து விசாரணை நடந்தது. பாலியல் அத்துமீறல்கள் நடந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று அதே வருடம் ஆகஸ்டில் அறிக்கை வந்தது.

எங்கள் வகுப்பில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சுவரில் படம் மட்டும் இருந்தது. நான் கேட்டபோது, ‘போதனையைப் பார், போதகரைப் பார்க்காதே’ என்றார்கள். முழுப்பணம் கட்டியிருந்தேன், மிச்ச மாதங்களைத் திருப்பித் தரவில்லை. பணம் போகட்டும். போதகரைப் பார்க்காதே என்று சொல்லிவிட்டு அவர் படத்துக்குக் கீழே எங்களை உட்கார வைத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அன்றோடு வகுப்பை விட்டேன். பயிற்சியை வீட்டில் தொடர்கிறேன், அதுவும் சரியா என்று சில நாள் தோன்றும். இடுப்பை வளைத்து நிமிர்த்துவது அவர் கண்டுபிடித்ததில்லை. விரல் எண்ணுவதை மட்டும் நிறுத்திவிட்டேன். மெட்ரோவில் கை சும்மா இருக்கப் பழகவில்லை.

14 ஜனவரி 2024

நாளைக்குப் பொங்கல். வெளியே ஒன்றும் தெரியாத பனி. அதிகாலையில் ஆன்ட்டியோடு பங்களா சாகிப் குருத்வாராவுக்குப் போய்விட்டு வந்தேன், சூடு ஆறுமுன் எழுதிவிடுகிறேன்.

கன்னாட் பிளேஸ் பக்கத்தில் இருக்கிறது. ராஜா ஜெய்சிங்கின் மாளிகையாக இருந்த இடம். எட்டாம் குரு ஹர்கிருஷன் 1664இல் டெல்லி வந்தபோது அங்கேதான் தங்கினார். அம்மை பரவியிருந்த நேரம், நோயாளிகளுக்குத் தண்ணீர் கொடுத்தார் என்கிறார்கள். அதே வருடம் அவரும் அம்மையில் இறந்தார். வயது எட்டு நிறையவில்லை.

செருப்பை விட்டு, வாசலில் ஓடும் தண்ணீரில் கால் நனைத்துவிட்டுப் பளிங்குத் தரையில் வைத்தேன். அந்தக் குளிர் பாதத்தில் ஏறி நேராகப் பல்லுக்குப் போனது. உள்ளே ‘ஆசா தீ வார்’ என்ற காலைப் பாடலைப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஆர்மோனியம், தபலா. நான் வழக்கம்போல முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடி, மூச்சைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஆன்ட்டி முழங்கையால் இடித்தார். “தூங்காதே, கேள்.” ஜப்ஜியில் நாலு பவுடிகள் கேட்பதைப் பற்றி மட்டுமே வருகின்றன. ‘சுணியை, சுணியை’ என்று ஏறக்குறைய ஒவ்வொரு வரியும் தொடங்கும். கேட்பதால், கேட்பதால். அதைப் படித்திருக்கிறேன், ஆனால் கேட்பது ஒரு வேலை என்று நினைத்ததில்லை.

வரிசையாக ராகம் ராகமாகப் பாடப்படும் இந்தப் புத்தகம் நம் தேவாரப் பண்முறை மாதிரி என்று தோன்றியது. குரு கிரந்த் சாகிபும் பொருள்வாரியாகத் தொகுத்ததில்லை, 31 ராகங்களில் அடுக்கியது. நாமதேவர், கபீர், ரவிதாஸ், ஷேக் ஃபரீத் எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள். ஓதுவார் இல்லாமல் வெறும் அச்சில் தேவாரம் படிப்பது எப்படியோ, அப்படித்தான் நான் இத்தனை மாதம் ஜன்னலை மூடிக்கொண்டு ஒற்றை ஸ்வரத்தில் மந்திரம் சொன்னது.

அப்புறம் எல்லாருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் லங்கர் பக்கம் போனோம். குளிர்காலம், பச்சைப் பட்டாணி மலைபோல் கிடந்தது. சாக்கு விரித்துப் பத்துப் பதினைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் பெயர் கேட்கவில்லை. ஒரு கைப்பிடி எடுத்து, முதுகுப்பக்கம் கட்டை விரலால் அழுத்தினால் டப் என்று வாய் திறக்கும், உள்ளே விரலை ஓட்டினால் ஏழெட்டு மணி பாத்திரத்தில் விழும். எனக்கு எதிரில் இருந்த அம்மாள், இறைவன் பெயரான வாஹேகுருவை இரண்டாக உடைத்து, ஒவ்வொரு தோலுக்கும் வாய்க்குள் ‘வாஹே’ என்று திறந்து ‘குரு’ என்று உதறினார். அவருக்கே அது தெரிந்திருக்குமா என்று சந்தேகம். கட்டை விரலும் மற்ற விரல்களும், அதே கட்டை விரல் வேலை. முக்கால் மணி நேரம் போனது எனக்குத் தெரியவில்லை. 31 நிமிடத்துக்குள் நாலு முறை கடிகாரம் பார்க்கிறவள் நான்.

முடிவு செய்துவிட்டேன். யோகா போதும். இனிமேல் சேவை மட்டும்.

15 ஜனவரி 2024

சொல்ல மறந்தது: குருத்வாராவில் தரும் கடா பிரசாதத்துக்கு ஒற்றைக் கையை நீட்டாதீர்கள். இரண்டு கையும் சேர்த்துக் குவிக்க வேண்டும். கோதுமை மாவு, சர்க்கரை, நெய் மூன்றும் சம அளவு. பிறகு அந்த நெய்யைக் கையிலேயே தேய்த்துக்கொள்ளலாம், டெல்லிக் குளிருக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. லங்கரில் ரொட்டியையும் இரு கை ஏந்தித்தான் வாங்குவார்கள். அதைப் ‘பர்ஷாதா’ என்பார்கள்.

சென்னையிலிருந்து எழுதிய நண்பருக்கு: தியாகராய நகரில் ஜி.என். செட்டி சாலையிலேயே குருத்வாரா இருக்கிறது. தலையை மூடிக்கொண்டு போங்கள். யாரும் ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டார்கள்.

2 பிப்ரவரி 2024

மூன்று வாரம், ஞாயிறுதோறும் தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. சிரிக்காதீர்கள். சேவையால் வந்த வலிக்கு மறுபடி யோகா. பூனை போல் முதுகைத் தூக்கு, மாடு போல் தாழ்த்து. 14ஆம் தேதி எழுதிய முடிவை வாபஸ் வாங்குகிறேன்.

ஒரு மாற்றம் மட்டும். இப்போது யோகாவை வாய் திறக்காமல் செய்கிறேன். அதை முடித்து, முகம் கழுவி, தலையில் துப்பட்டா போட்டுக்கொண்டு, அப்புறம் தனியாக ஜப்ஜி. முழுதாகச் சொல்ல எனக்கு 25 நிமிடம் பிடிக்கிறது, ஆன்ட்டிக்கு இன்னும் குறைவு. கலக்காமல் வைப்பது நல்லது என்று ஆன்ட்டி சொல்லவில்லை. சாம்பாரையும் பாயசத்தையும் ஒரே கரண்டியால் பரிமாற மாட்டோம் இல்லையா, அந்த மாதிரி எனக்கே தோன்றியது.

10 மார்ச் 2024

அமிர்தசரஸ் போய் வந்தேன். எல்லாரும் எழுதுவதை நான் எழுதப்போவதில்லை, தங்கம் தங்கமாகத்தான் இருக்கிறது.

விடியுமுன், எதிரே இருக்கும் அகால் தக்தில் இருந்து பல்லக்கில் குரு கிரந்த் சாகிபை ஹர்மந்திருக்கு, அதாவது பொற்கோயிலுக்கு, எடுத்துப்போகும்போது நின்றேன். பூ, தாரை ஒலி, கூட்டம் தோள் மாற்றித் தோள் கொடுக்கிறது. 1604இல் குரு அர்ஜன் தொகுத்த ஆதி கிரந்தத்தை முதன்முதலில் அங்கேதான் வைத்தார்கள். 1708இல் நாந்தேட்டில் குரு கோவிந்த் சிங், தனக்குப் பிறகு மனித குரு கிடையாது, கிரந்தமே குரு என்று சொல்லிவிட்டார். டிசம்பர் 19 அன்று நான் எழுதியதை நினைத்துக்கொண்டேன். மனிதரைக் குருவாக்கினால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு முன்னூறு வருடம் முன்னாலேயே யோசனை வந்திருக்கிறது. (இப்படி எழுதுவது கொஞ்சம் அவசரமோ என்று உடனே தோன்றுகிறது. காரணங்கள் வேறும் இருந்திருக்கும். இருந்தாலும் அழிக்கவில்லை.)

நான் எதிர்பார்த்துப் போனது அமைதி. அங்கே அமைதி கிடையாது. கீர்த்தனை ஒலிபெருக்கியில் குளம் முழுக்க ஓடுகிறது. குழந்தைகள் ஓடுகின்றன. லங்கர் பக்கம் எவர்சில்வர் தட்டு கழுவும் சத்தம் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை மாதிரி. குளக்கரையில் ஒரு பெரியவர் தூணில் சாய்ந்து, காலை நீட்டி, கையில் குட்கா புத்தகத்தோடு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். முதுகு நேராக இல்லை. கண் மூடவில்லை. பேரன் வந்து பிஸ்கெட் கேட்டான். சட்டைப்பையில் இருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, விட்ட சொல்லில் இருந்து தொடர்ந்தார். ஒன்றிலிருந்து இல்லை.

‘சுப்பே சுப் ந ஹோவயீ’ அங்கே உட்கார்ந்து படிக்க வேண்டிய வரி.

11 மார்ச் 2024

குட்கா என்றதும் பாக்கு என்று நினைத்த அன்பருக்கு: பிரார்த்தனைகள் அடங்கிய கையடக்கப் புத்தகத்துக்கு அதுதான் பெயர். பெரியவர் மேல் பழி போடாதீர்கள்.

16 ஜூன் 2024

‘கடைசியில் நீங்கள் என்னதான் செய்கிறீர்கள்’ என்று முதலில் கேள்வி கேட்டவரே திரும்பி வந்து கேட்டிருக்கிறார். உங்கள் கேள்விக்கு: உங்கள் வகுப்பு சீக்கியர்கள் வீட்டில் செய்வது இல்லை. 1945இல் ஏற்கப்பட்ட சீக்கிய நடத்தை விதிகளான ரெஹத் மரியாதாவில் அன்றாடத்துக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். அமிர்த வேளையில் எழு, குளி, வாஹேகுரு நாமம் ஜபி, பாணிகளை, அதாவது பிரார்த்தனைப் பாடல்களை, படி. ஆசனம் எதுவும் இல்லை. அதனால் உங்கள் நண்பர் சொன்னது சரி. வகுப்பில் இடுப்பு சரியானால் போய்க்கொண்டே இருங்கள், அதுவும் பொய் இல்லை. ஆசிரியை ‘பழைய முறை’ என்று சொல்லும்போது மட்டும் எத்தனை பழசு என்று கேளுங்கள்.

நான் 4.40க்கு எழுகிறேன். 20 நிமிடம் யோகா. குளியலறைக் குழாய்ச் சந்து வழியாக மாடியிலிருந்து ஆன்ட்டியின் இருமல் கேட்கும், பின்னாலேயே ‘இக் ஓங்கார்’ கேட்கும். பல நாள் நான் மூன்றாம் பவுடியில்தான் போய்ச் சேருகிறேன். சில நாள் சேருவதே இல்லை.

போன வாரம் ஆன்ட்டிக்கு முழங்காலும் முதுகும் சேர்ந்து வலி. “உன் பூனை மாடு எனக்கும் சொல்லிக் கொடு” என்று கீழே வந்துவிட்டார். தலையணை போட்டு, சுவரோரம் கட்டிலைப் பிடித்தபடி மெதுவாகச் செய்யவைத்தேன். முதுகைத் தூக்கும்போது ‘வாஹே’, இறக்கும்போது ‘குரு’. ஆறு முறை.

நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். “என்ன சிரிப்பு? மந்திரம் இல்லை, பேட்டா. வலிக்கிறது” என்றார்.